ஏறின விலை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: உலகச் சந்தையில் தானிய விலை குறைந்துவிட்டது என்கிறார்கள். கடையில் குறையவே இல்லையே?

பதில்: எனக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல் தரும் விஷயம் இது. உலகச் சந்தையில் உணவுப் பொருட்களின் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உணவு விலைக் குறியீடு, உக்ரைன் போர் தொடங்கிய மறுமாதம், 2022 மார்ச்சில் உச்சத்துக்குப் போனது. அப்புறம் இறங்கியது. ஆனால் கோதுமையும் மக்காச்சோளமும் பெரும்பாலும் டாலரில்தான் கைமாறுகின்றன. உள்நாட்டு நாணயம் சரிந்தால், வெளியே விலை குறைந்த பலன் இறக்குமதி செய்யும் ஏழை நாட்டுக்கு வந்து சேராது. டீசல், வட்டி, ஆலைக்கூலி வேறு. சரி, இதுவரை நியாயம். ஆனால் விலை ஏறும்போது குடோனில் கிடக்கும் பழைய சரக்குக்கும் அன்றைக்கே புது விலை போடுகிறார்கள். இறங்கும்போது மட்டும் "இது பழைய கொள்முதல்" என்கிறார்கள். பச்சை அநியாயம் இது. வாயைத் திறந்து கேளுங்கள், பக்கத்துக் கடையிலும் விசாரியுங்கள்.

கேள்வி: அதே பாக்கெட், அதே விலை. மாவு மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

பதில்: எடையைப் படித்தீர்களா? விலையை ஏற்றாமல் எடையைக் குறைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஏற்றது என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு பொதியை எனக்கும் விற்றார்கள். கிலோ கணக்கில் அது சின்ன பாக்கெட்டைவிட விலை கூடுதல். கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்து எடுங்கள்.

கேள்வி: விலை ஏறும் என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கி ஒரு வருடத் தானியம் வாங்கினேன். வண்டு விழுந்துவிட்டது.

பதில்: வட்டியையும் வண்டு தின்றதையும் கூட்டிப் பாருங்கள். 2007-08இல் நாடுகளே இப்படிப் பதறின. இந்தியாவும் வியட்நாமும் அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, பிலிப்பைன்ஸ் அவசரமாக வாங்கிக் குவிக்க, விலை சில மாதங்களில் இரு மடங்கைத் தாண்டியது. விளைச்சல் ஒன்றும் பாதியாகிவிடவில்லை.

கேள்வி: தினக்கூலி வாங்குகிறேன். கடைக்காரர் கடன் தருவதால், எடை குறைந்தாலும் கேட்க முடியவில்லை.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அம்மா. ஏழை நாடுகளில் எத்தனையோ குடும்பங்களின் செலவில் பாதி சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. விலை ஏறினால் பாலும் முட்டையும் முதலில் நிற்கும், அடுத்தது பிள்ளையின் படிப்பு. இதில் எடையிலும் திருடுவது கொடுமை. பாக்கியை நீங்களும் ஒரு நோட்டில் எழுதி, வாராவாரம் அவர் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். முடிந்தால் நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். சில்லறையாக வாங்குவதைவிடக் குறையும். எடைக் குறைவைப் பற்றிப் புகார் கொடுப்பதானாலும் நாலு வீடும் சேர்ந்தே கொடுங்கள், அப்போது உங்களை மட்டும் அவர் குறிவைக்க முடியாது.