தள்ளுபடிக் கடையில் குறைந்த செலவில் சத்தான மளிகை வாங்க முடியுமா?

தண்டையார்பேட்டையில் 4 பேர் குடும்பம், தள்ளுபடிக் கடையில் வாங்கியும் பில் எகிறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அந்தக் கடைக்குப் போகும் முன் ரேஷன் கடைக்குப் போய்விடுங்கள். அரிசி அட்டை இருந்தால் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்தப் பருப்பை விட்டுவிட்டு வெளியே வாங்குவது வீண் செலவு.

அப்புறம் தள்ளுபடிக் கடையில் பச்சைப்பயறு, கருப்புக் கொண்டைக்கடலை, வேர்க்கடலை, கேழ்வரகு மாவு இவற்றை மட்டும் எடுங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நூடுல்ஸும் பிஸ்கட்டும் குவித்திருக்கும் பக்கம் போகவே வேண்டாம், பில் ஏறுவது அங்கேதான். போன மாதம் கோதுமை ரொட்டி என்று பெரிதாகப் போட்டிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், சேர்த்திருக்கும் பொருள்களின் பட்டியலில் முதல் பெயரே மைதா! எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி, அதனால் முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே போதும். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்றும் நம்பாதீர்கள், கிலோவுக்கு எவ்வளவு என்று போனில் வகுத்துப் பாருங்கள்.

காய்கறியை மட்டும் அங்கே வாங்காதீர்கள். முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் தெருவில் காலையில் வரும் வண்டியிலேயே வாங்கலாம். மீனுக்குக் காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது, வஞ்சிரத்தை விடுங்கள், மத்தியும் நெத்திலியும் விலை குறைவு, நல்ல கொழுப்பும் புரதமும் நிறைய. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், அப்போது முட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள்.