பதின்மூன்று மார்க்

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம்.

என் கணவருக்கு 43 வயது. டூவீலர் மெக்கானிக், சொந்தக் கடை. நாலு மாதமாக ஆளே சரியில்லை. முதலில் பார்த்த டாக்டர், வெளியே பெஞ்சில் உட்காரவைத்து ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுக்கச் சொன்னார். இவர் கண்ணாடி கொண்டுவரவில்லை, அதனால் என் தம்பிதான் படித்துக் காட்டி டிக் போட்டான். 13 மார்க். "மிதமான மனச்சோர்வு, ஒரு மாதம் கழித்து வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு மனசு ஆறாமல் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் தாள் எதுவும் தரவில்லை. முக்கால் மணி நேரம் பேசினார். என்னையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு ராத்திரி இவர் "நான் இல்லாட்டி நீங்கள்லாம் நிம்மதியா இருப்பீங்க" என்று சொன்னதை அவரிடம்தான் முதல்முறையாகச் சொன்னேன். "இது கடுமையான நிலை. மாத்திரை இன்றே ஆரம்பிக்கணும், வாராவாரம் வரணும்" என்கிறார். தைராய்டு டெஸ்ட் வேறு எழுதியிருக்கிறார். "பதின்மூணு மார்க்குக்கு இவ்வளவு மருந்தா? காசு பிடுங்குறார்" என்கிறான் தம்பி. ஸ்கேன் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த நோயை எதை வைத்துத்தான் அளக்கிறார்கள்? யார் சொல்வது சரி? தாளின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம்,
ஈரோடு மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூக்கம் 3, அசதி 3, பசி 2, எதிலும் நாட்டமில்லாமை 2, கவனம் 2, உடம்பு மந்தம் 1. கூட்டல் சரிதான், 13. மனசு சோர்ந்து நம்பிக்கை இழந்து போகிறதா என்ற கேள்விக்குப் பூஜ்யம். தோற்றுப்போனவன், குடும்பத்துக்குப் பாரம் என்கிற மாதிரி தோன்றுகிறதா என்பதற்குப் பூஜ்யம். கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதற்கும் பூஜ்யம். உடம்பு பற்றிக் கேட்டதற்கெல்லாம் மார்க் விழுந்திருக்கிறது. சோகம், குற்றவுணர்வு, சாவு என்ற மூன்றுக்கும் ஒன்றுமே இல்லை.

கேட்டது யார்? உங்கள் தம்பி. ஆஸ்பத்திரி பெஞ்சில், அக்கம்பக்கத்தில் நாலு பேர் காதில் விழ, பொண்டாட்டியின் தம்பி "சாகணும்போலத் தோணுதா மச்சான்?" என்று கேட்டால் எந்த ஆண் "ஆமாம்" என்பான்? அந்தத் தாளை நோயாளி தானே படித்து, தானே டிக் போட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்கு நர்ஸ் தனியறையில் வைத்துக் கேட்கலாம். மச்சினன் வாயால் கேட்கக்கூடாது. இதில் உங்கள் தம்பி மேல் தப்பே இல்லை. தாளைக் கையில் திணித்துவிட்டுப் போனவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

அந்தத் தாளின் பெயர் பிஎச்க்யூ-9. ராபர்ட் ஸ்பிட்சரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2001இல் வெளியிட்டது. காய்ச்சல், சர்க்கரை பார்க்கும் பொது மருத்துவர் மனச்சோர்வைத் தவறவிட்டுவிடக்கூடாது என்பதற்காகச் செய்தது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. 5 வந்தால் லேசு, 10 மிதம், 15 மிதத்துக்கும் மேல், 20 கடுமை. நல்ல கருவிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் கணவர் தனியாக உட்கார்ந்து, சோகத்துக்கு 2, சாவுக்கு 1 போட்டிருந்தால் அதே தாளில் 16 வந்திருக்கும். கடைசிக் கேள்வியில் ஒரே ஒரு மார்க் விழுந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அந்த ஆளைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பதுதான் முறை.

இந்தக் கோடுகளும் வசதிக்காகப் போட்டுக்கொண்டவைதான். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இத்தனை படிகளை வைத்துக்கொள்ளவில்லை. கடுமை குறைந்தது, கடுமை கூடியது என்று இரண்டே பிரிவு, நடுவில் இதே தாளின் 16 மார்க்.

தாளின் அடியில் மார்க் இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது, பாருங்கள். இந்தத் தொந்தரவுகளால் வேலை பார்ப்பது, வீட்டைக் கவனிப்பது, மனிதர்களோடு பழகுவது எவ்வளவு சிரமமாகிவிட்டது என்பது அந்தக் கேள்வி. உங்கள் தாளில் அது காலியாகக் கிடக்கிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் கணவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தால் "சோகமா இருக்கீங்களா?" என்று ஆரம்பிக்க மாட்டேன். "அதெல்லாம் இல்ல சார், உடம்புதான் அசதி" என்பார். நம் ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். "கடை ஷட்டர் எத்தனை மணிக்கு ஏறுது?" என்று கேட்பேன். முன்பு எட்டு மணி, இப்போது பதினொன்று, சில நாள் திறப்பதே இல்லை என்றால் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு மாட்டாமல் வைத்திருக்கிறாரா? ஷேவிங் என்றைக்கு? சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போகிறாரா? பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறாரா? எடை குறைந்ததைப் பல பேர் சொல்வதில்லை, பெல்ட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம், பதில் வர எடுக்கும் நேரம். "உங்க ஊர் எது?" என்று கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேன். கடுமையான மனச்சோர்வில் அந்தச் சின்னப் பதிலே ஐந்தாறு விநாடி கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். கை அசையாது. முகம் மாறாது. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு வந்து, காலையில் மனசு மிக மோசமாக இருந்து, பொழுது சாயச் சாயக் கொஞ்சம் லேசாகிறதா என்றும் கேட்பேன். எல்லோருக்கும் இப்படி இருக்காது. இருந்தால் நான் ஒரு படி கூடுதலாகவே கவலைப்படுவேன்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி முதலில் மார்க் போட்டவர்களில் ஒருவர் மேக்ஸ் ஹாமில்டன். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்தவர். 1960இல் அவர் வெளியிட்ட அளவுகோல் இன்றும் மருந்து ஆய்வுகளில் ஓடுகிறது. 17 விஷயங்கள், மொத்தம் 52 மார்க். டிக் போடுவது நோயாளி இல்லை, பேசிப் பார்க்கும் மருத்துவர். பேச்சும் அசைவும் மந்தமாவதற்கு மட்டும் 0 முதல் 4 வரை தனி மார்க் உண்டு. இது மனச்சோர்வு என்று ஏற்கெனவே முடிவானவர்களுக்கு மட்டுமே என்று ஹாமில்டனே எழுதியிருக்கிறார். இரண்டு மருத்துவர்கள் ஒரே பேட்டியில் உட்கார்ந்து, தனித்தனியாக மார்க் போட்டுக் கூட்டுவது நல்லது என்றும் சொன்னார். தன் அளவுகோலையே அவர் அவ்வளவு நம்பவில்லை, எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

அந்த அளவுகோலில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு ஹாமில்டனில் 22 வந்தது. மாத்திரையோடு தூக்க மாத்திரையும் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் 16. எனக்கு ஒரே சந்தோஷம். கூட வந்த அவர் மனைவி, "தூங்குறார் சார், அவ்வளவுதான்" என்றார். அந்த 17இல் தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள்: படுத்ததும் தூக்கம் வராதது, நடுவில் விழிப்பது, விடியுமுன் எழுந்துவிடுவது. ஒவ்வொன்றுக்கும் 2, ஆக 6 மார்க். குறைந்தது அந்த ஆறுதான். வாத்தியார் அப்போதும் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. மார்க்கை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆளை அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தை மாற்ற வேண்டியிருந்தது.

ஒரே மார்க் வாங்கிய இரண்டு பேருக்கு ஒரே நோய் போலவே இருக்காது. அமெரிக்காவில் ஸ்டார்-டி என்ற பெரிய சிகிச்சை ஆய்வில் சேர்ந்த 3703 பேரின் அறிகுறிகளைப் பிரித்துப் பார்த்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 1030 விதமான சேர்க்கைகள் கிடைத்தன. அதனால் மார்க்கை அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. இன்றைய ஆளை ஒரு மாதம் கழித்து அதே ஆளோடு ஒப்பிடத்தான் அது உதவும்.

தைராய்டு டெஸ்ட்டுக்கு வருகிறேன். மனச்சோர்வைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார். அது இல்லையென்று தெரிந்துகொள்ளத்தான் எழுதியிருக்கிறார். குடியைப் பற்றியும், முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், கண்மண் தெரியாத செலவு என்று இருந்தாரா என்றும் கேட்டாரா? கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் அது வேறு நோய், மருந்தும் வேறு.

சரி, யார் சொல்வது சரி? கடிதத்தை மட்டும் வைத்து நான் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்த ராத்திரி அவர் சொன்ன வாக்கியம் இரண்டாவது டாக்டருக்குத்தான் தெரியும். முதல் டாக்டருக்குத் தெரியாது, அந்தத் தாளுக்கும் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நானும் வாராவாரம் வரச் சொல்லியிருப்பேன். "விடியாமலே போயிடக்கூடாதான்னு தோணுதா?" என்று ஆரம்பித்து, சாக வேண்டும் என்ற நினைப்பு, எப்படி என்ற யோசனை, அதற்கான ஏற்பாடு, முன்பு முயன்றதுண்டா, இதுவரை எது தடுத்தது என்று படிப்படியாகக் கேட்போம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. பல பேர் அப்பாடா என்று மூச்சு விடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். நீங்களும் கேட்கலாம். வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம். உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அட்டையை நீங்களே வைத்திருந்து வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். அந்தப் பேச்சு மறுபடி வந்தால் அவரைத் தனியாக விடாமல், அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்காமல், பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இன்னொரு வேலை. வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, கிழிக்கிற தாளின் பின்பக்கம் அன்றைக்குக் கடை ஷட்டர் ஏறிய நேரத்தை மட்டும் எழுதிவையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தத் தாள்களை எடுத்துப்போய் டாக்டரிடம் கொடுங்கள். அவருடைய கண்ணாடியை மறக்காதீர்கள். ஒன்பது கேள்வித் தாளை மறுபடி கொடுத்தால், தம்பியை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.