எந்த மலை என்று சொல்லிவிட்டுப் போங்கள்

அன்புள்ள ஆச்சிக்கு,

ஊர் கோட்டையூர். வேலை சென்னையில், கம்ப்யூட்டர் கம்பெனியில். புரட்டாசியில் லீவு கிடைத்ததும் ஆத்தாவைப் பார்க்க ஊருக்கு வந்தேன். ஒருநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரான்மலைக்குப் போனேன். தர்காவுக்குப் போகும் பாதையை விட்டு விலகி, பாறையைக் கையால் பற்றிப் பற்றி ஏறினேன். அப்போது நல்ல வெயில். போனில் பார்த்ததற்கு மழை வாய்ப்பு 20 சதவீதம் என்றது. மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்தது. கொஞ்ச நேரத்தில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. பாறைக்கு அடியில் ஒரு பொந்தில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். மழை விட்டதும் இருட்டில் போன் வெளிச்சத்தில் இறங்கினேன். முட்டி பெயர்ந்ததோடு சரி. சின்ன மலைதானே.

ஆத்தா பயப்படுவார்கள் என்று காரைக்குடி வரை போவதாகச் சொல்லியிருந்தேன். சென்னைக்குத் திரும்பி மனைவியிடம் சொன்னால், "இது சுத்த சுயநலம்" என்கிறாள். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. அந்தத் தனிமையில் கிடைத்த நிம்மதி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. தனியாக மலை ஏறுவது சுயநலமா? வானிலையை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா? பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்கிறார்களே, அது உண்மையா?

பழ., கோட்டையூர்

அன்புள்ள தம்பி,

பறம்பை முதலில் ஒதுக்கி வைக்கிறேன். ஊரே அப்படித்தான் நம்புகிறது, நானும் நம்புகிறேன். பாரியும் கபிலரும் இன்னொரு நாளைக்கு ஆகட்டும். முட்டி பெயர்ந்து வீடு வந்த பிள்ளையிடம் புறநானூறு பேச எனக்கு இப்போது மனசில்லை.

சுயநலமா என்று கேட்கிறீர்கள். தனியாக ஏறுவது குற்றமே இல்லை. நானும் தனியாக ஏறுகிறவள்தான். பத்துப் பேரோடு போனால் பேச்சுத்தான் ஏறும், மலை கண்ணில் படாது. கூட்டமாகப் போனால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கிய பிள்ளைகள் கூட்டமாகப் போனவர்கள்தான். இன்று நினைத்தாலும் வயிறு பதறுகிறது. அதனால் தனியாகப் போனதற்காக உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அந்த நிம்மதி எனக்குத் தெரியும்.

ஆனால் "சின்ன மலைதானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. வேல்ஸ் நாட்டில் கிரிப் கோக் என்று ஒரு மலை முகடு இருக்கிறது. உயரம் 923 மீட்டர்தான். நீங்கள் செய்த மாதிரியே கையும் காலும் வைத்துத் தவழ்ந்து போகிற இடம். பிரிட்டனிலேயே மழை அதிகம் கொட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. நம் சிவகங்கைச் சீமைக்கு அதில் கால்பங்குகூடப் பெய்யாது. பழகியவர்களே கிரிப் கோக்கில் தவறி விழுந்து செத்திருக்கிறார்கள். ஆளைக் கொல்ல இமயமலை தேவையில்லை தம்பி, வீட்டு மாடி உயரம் போதும்.

வானிலைக்கு வருகிறேன். 20 சதவீதம் என்றால் மழை வராது என்றா அர்த்தம்? ஆவணி, புரட்டாசியில் நம் பக்கத்து மழை வெக்கையில் பிறக்கிற மழை. காலையில் வானம் துடைத்து விட்டதுபோல் இருக்கும். மத்தியானம் வரை புழுக்கம் ஏறும். மேற்கே மேகம் குவிந்து குவிந்து மேல்நோக்கி வளரும். சாயங்காலம் ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும். போனில் வரும் ஒற்றை எண் இந்த மலைக்கு, இந்த மணிக்கு என்று அதைச் சொல்லிவிடாது. அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவரைக் கேட்டிருந்தால் "மத்தியானத்துக்குள்ள எறங்கிருங்க" என்று சொல்லியிருப்பார். வீசிக்கொண்டிருந்த அனல் காற்று சட்டென்று குளிர்ந்து மண்வாசம் வந்தால் மழை பக்கத்தில் வந்துவிட்டது. அதற்கு மேல் ஓரடி ஏறக் கூடாது.

அப்புறம் அந்தப் பொந்து. அதில் ஒட்டி உட்கார்ந்ததைச் சாமர்த்தியம்போல எழுதியிருக்கிறீர்கள். இடி இடிக்கும்போது ஆழமில்லாத பாறைப் பொந்து மோசமான இடம். மின்னல் பாறையில் இறங்கினால் அதன் மேல்பரப்பில் ஓடிவரும் மின்சாரம் பொந்தின் வாயைத் தாண்டிக் குதிக்கும். நடுவில் நீங்கள் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறீர்கள்! மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பதுக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது; அதற்கு முன்பே உச்சியையும் முகட்டையும் விட்டு இறங்கியிருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது ஆன பிறகுதான் மறுபடி மேலே போவது.

மொட்டைப் பாறையில் கருப்புக் கருப்பாகக் கோடு இறங்கியிருக்கும், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வழிகிற தடம் அது. காய்ந்திருக்கும்போது கால் நன்றாகப் பிடிக்கும். நனைந்துவிட்டால் விளக்கெண்ணெய் தடவின மாதிரிதான். ஏறும்போது பிடி கண்ணுக்கு நேரே தெரிகிறது, இறங்கும்போது கால் வைக்கிற இடம் தெரிவதில்லை. இறங்க முடியுமா என்று திரும்பிப் பார்க்காமல் ஒரு பாறையில் ஏறவே கூடாது. அதில் நீங்கள் இருட்டில், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறீர்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் திட்டுவேன்.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காக இல்லை. "காரைக்குடி வரை போவதாகச் சொல்லியிருந்தேன்" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான்.

என் அம்மான் ஒருவர் இருந்தார். மலைப் பைத்தியம். யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போவார், கேட்டால் பிடிக்காது. ஒரு ஐப்பசியில் பொழுது இறங்கியும் ஆள் வரவில்லை. எப்போதும் பிரான்மலைக்குத்தான் போவார் என்று ஆண்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஒரு வேனைப் பிடித்து மேற்கே போனார்கள். நான் அப்போது சின்னப் பெண். மழை வளவுக்குள், வீட்டு நடு முற்றத்தில், கொட்டிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்துத் தண்ணீர் அண்டாவில் விழுந்து, நிறைந்து, வழிந்தது. அதை நகர்த்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆயா, அம்மானைப் பெற்றவர், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகப்புக் கதவைச் சாத்த விடவில்லை. அழவும் இல்லை. உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும், பால்காரரிடமும்கூட, ஒன்றையேதான் கேட்டார்: "எந்த மலைன்னு ஒங்கிட்டச் சொன்னானா?"

அம்மான் அன்று போனது நார்த்தாமலைக்கு. வடக்கே, முற்றிலும் வேறு திசை. பிரான்மலையில் விடிய விடியப் பேர் சொல்லிக் கத்தினவர்களின் குரல் அங்கே எப்படிக் கேட்கும்? கால் முறிந்து பாறை இடுக்கில் கிடந்தவரை விடிந்த பிறகு ஆடு ஓட்டி வந்தவர்கள்தான் பார்த்தார்கள். பிழைத்தார். ஒரு கால் மட்டும் குட்டையாகிவிட்டது. ஆயா அவரைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு மழை வந்தாலே முகப்பில் போய் நின்றுகொள்வார், எல்லாரும் வீட்டில் இருந்தாலும்.

ஆத்தா பயப்படுவார்கள் என்று மறைத்தேன் என்கிறீர்கள். பயப்பட்டால் என்ன? அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆண்களைக் கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டு, கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த வீடுகள் இவை. எங்கே போயிருக்கிறான் என்று தெரிந்த பயத்தை உங்கள் ஆத்தா தாங்குவார்கள். தெரியாமல் காரைக்குடிக் கடைத்தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் உங்களைத் தேடி அலைவதைத்தான் அவர்களால் தாங்க முடியாது. அவர்களால் முடியாது என்று நீங்களாகவே முடிவு கட்டிப் பொய் சொன்னீர்கள். உங்கள் மனைவி சுயநலம் என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன். மலையை அல்ல.

இனிமேல் கிளம்பும்போது ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். எந்த மலை, எந்தப் பக்கம் ஏறுகிறேன், வண்டியை எங்கே நிறுத்துவேன், எத்தனை மணிக்குள் போன் பண்ணுவேன், பண்ணாவிட்டால் எத்தனை மணிக்கு அவசர எண் 112-ஐக் கூப்பிட வேண்டும். அந்தக் கடைசி மணியை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். எப்போது கூப்பிடுவது என்று தெரியாமல் வீட்டில் இருப்பவர்கள் "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றே பொழுதைக் கழித்துவிடுவார்கள். இறங்கியதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள், டீ குடிப்பதெல்லாம் அப்புறம். வழியில் மனசு மாறி வேறு மலைக்குப் போனால் அதையும் சொல்லுங்கள். போன் லைன் கிடைக்காவிட்டாலும் சில நேரம் எஸ்எம்எஸ் போய்விடும்.

தை பிறந்ததும் பாறை காய்ந்திருக்கும். விடியற்காலையில் ஏறி வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். அப்போது போய் வாருங்கள், தனியாகவே போய் வாருங்கள். ஆத்தாவிடம் புரட்டாசியில் நடந்ததை அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். போனில் வேண்டாம், நேரில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆச்சி