புயலின் பெயரை விடுங்கள், குளத்தைப் பாருங்கள்

வானிலை அவதானிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, வன்னிப் பாடசாலைகளிலும் கமக்காரர் அமைப்புகளிலும் மழை, காற்று பற்றிப் பேசிவரும் அம்மையார் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

அம்மா, 2020 டிசெம்பரில் புரேவிப் புயல் வருகிறது என்றார்கள். வள்ளங்களைக் கரையேற்றினோம், கூரைத் தகரங்களுக்கு மணல் மூட்டை வைத்தோம். பயந்த அளவுக்குக் காற்று வரவில்லை. அடுத்த முறை ஏன் நம்ப வேண்டும்?
— கடற்றொழிலாளர், அளம்பில்

தம்பி, நீங்கள் செய்தது சரியான வேலை. புரேவி டிசெம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது. மையம் எங்கே கரையேறும் என்று ஒரு நாளைக்கு முன்பு கணிக்கும்போது எழுபது, எண்பது கிலோமீற்றர் பிசகுவது இன்றைக்கும் சாதாரணம். மையம் கரையேறிய குச்சவெளிப் பக்கத்திலிருந்து அளம்பிலுக்கு நேர்கோட்டில் அந்தத் தூரம்கூட இல்லை. அப்படியிருக்க, உங்கள் ஊரை விட்டுவிட்டு எச்சரிக்கை கொடுக்க எந்த அதிகாரிக்கு மனம் வரும்?

எனக்குள்ள கவலை வேறு. புயல் என்றால் காற்று என்றும், தொலைக்காட்சி வரைபடத்தில் இழுத்திருக்கும் கோட்டுக்கு வெளியே இருந்தால் தப்பிவிட்டோம் என்றும் நம் மக்கள் நினைக்கிறார்கள். அதே புரேவி மன்னார் வளைகுடாவுக்குள் போய் அசையாமல் நின்றுகொண்டு, எங்கோ இருந்த கடலூர்ப் பக்கத்தை மழையில் மூழ்கடித்தது. 2008 நவம்பரில் நிஷா வந்தபோது, இடம்பெயர்ந்து தரப்பாளுக்குக் கீழே இருந்த குடும்பங்களை மறுபடி எழுப்பி ஓட வைத்தது வெள்ளம். 2025 நவம்பரில் டித்வா. காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பெரிய புயலே அல்ல. ஆனால் மலையகத்தில் மண்சரிவிலும் வெள்ளத்திலும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின.

2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த மழைக்கு ஒரு பெயர்கூட இல்லை. பெயர் இல்லாத மழைக்கு யாரும் மாட்டை மேட்டுக்கு ஏற்றுவதில்லை, பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி வைப்பதில்லை. வன்னியில் ஆளைக் கொல்வதும் வயலை அழிப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தான். அறிவித்தலில் ‘150 மில்லிமீற்றருக்கு மேல் மழை’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்றின் வேகத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் மழை விட்ட பிறகும் வெள்ளம் ஏறுகிறதே, எப்படி?
— மாணவி, கிளிநொச்சி

உங்கள் வெள்ளம் உங்கள் ஊரில் பெய்த மழையால் மட்டும் வருவதில்லை, மகள். இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி வடக்கே ஓடி வருகிறது. வவுனியா வடக்கிலும் மாங்குளத்திலும் இரவு பெய்த மழை, உங்கள் முற்றத்தில் வெயில் எறிக்கும் நேரத்தில் குளத்துக்குள் வந்து சேரும். குளம் நிரம்பி, மிகுதி நீரை வெளியேற்றும் வான் கதவுகளைத் திறந்தால் அது உங்கள் பக்கம் இறங்கும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். 100 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு ஏக்கர் வயலில் நான்கு இலட்சம் லீற்றர். நூறு சதுர கிலோமீற்றர் காட்டில் ஒரு கோடி கன மீற்றர். ஒக்டோபரில் வறண்டு கிடக்கும் நிலம் இதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். டிசெம்பரில் நிலம் ஊறிப்போயிருக்கும், சின்னக் குளங்கள் ஏற்கெனவே நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருக்கும், பெய்வதில் பெரும்பகுதி ஓடித்தான் வரும்.

‘முன்கூட்டியே குளத்தைத் திறந்துவிட்டால் என்ன?’ என்று நீங்கள் அடுத்ததாகக் கேட்பீர்கள். திறந்த பிறகு மழை பொய்த்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை. வான் கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் பொறியியலாளர் தலையில் வெள்ளமும் பஞ்சமும் ஒன்றாக இருக்கின்றன. ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை அவருக்கு உடனுக்குடன் தெரிந்தால் அந்தச் சுமை பாதியாகும். மேலே இன்னும் பல மழைமானிகள் வேண்டும் என்று நான் போகிற கூட்டமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது இதனால்தான்.

2022இல் என் பட்டி மாடுகள் ஒரே இரவில் விறைத்துச் செத்தன. வன்னியில் குளிரால் மாடு சாகுமா?
— ஒட்டுசுட்டான்

சாகும் ஐயா. உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. அந்த டிசெம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மாடுகள் அப்படி இறந்தன. மாண்டஸ் புயல் நமக்கு வடகிழக்கே கடலில் இருந்தது. நம் அரைக்கோளத்தில் புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும். ஆகவே அது இந்தியத் தரைப்பக்கத்துக் குளிர்ந்த காற்றை இழுத்து நம் மேல் விட்டது. தோல் நனைந்து, மேய்ச்சலில்லாமல் வயிறு காய்ந்து, திறந்த வெளியில் இரவு முழுக்கக் காற்றில் நின்ற மாடு உடல் வெப்பத்தை இழந்துவிடும். கன்றுகளும் மெலிந்தவையும் முதலில் போகும். இனி வடக்குக் காற்றோடு விடாத தூறல் என்று அறிவித்தால், பட்டியின் வடக்கு, மேற்குப் பக்கங்களைக் கிடுகாலோ தரப்பாளாலோ மறையுங்கள். மேடான இடத்துக்கு மாற்றி, வைக்கோல் கொடுங்கள்.

64ஆம் ஆண்டுப் புயலில் காற்று திடீரென்று நின்றது. பிறகு மறுபக்கத்திலிருந்து அடித்தது என்று ஐயா சொல்வார். உண்மையா? அப்படி இனியும் வருமா?
— மாந்தை மேற்கு

உண்மை. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி அந்தப் புயல் வவுனியாவை ஊடறுத்துப் போய், அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. மையம் தலைக்கு மேல் வந்தால் காற்று அடங்கும். கிழக்கிலிருந்து வரும் புயலில் முதலில் வடக்குக் காற்று, பிறகு அமைதி, பிறகு தெற்குக் காற்று. அந்த அமைதியில் வெளியே போய்க் கூரையைத் திருத்தாதீர்கள்.

புயலின் மையம் எந்தப் பக்கம் என்று அறிய, காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்னே தாழமுக்கத்தின் மையம் இருக்கும். இந்த விதியை 1857இல் பைஸ் பலட் என்ற ஒல்லாந்த அறிஞர் வெளியிட்டார். மின்சாரமும் தொலைபேசியும் போன பிறகும் இது வேலை செய்யும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கடும் புயல்கள் நமக்குக் குறைவு. இல்லை என்று சொல்ல முடியாது. 1978இல் மட்டக்களப்பு பட்டதை மறக்கக் கூடாது. அதோடு, காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். புயல்களின் எண்ணிக்கை கூடாவிட்டாலும், வருகிற புயல் கொட்டும் மழை கூடும்.

வீட்டில் நாங்களே மழை அளக்கலாமா?
— கமக்காரர், முத்தையன்கட்டு

கட்டாயம் அளந்து பாருங்கள். பக்கங்கள் நேராக உள்ள தகர டின் போதும். வாயின் அகலம் எதுவானாலும் கணக்கு மாறாது. வாளி வேண்டாம், அடி ஒடுங்கியிருப்பதால் அளவு கூட்டிக் காட்டும். மரத்திலிருந்தும் கூரையிலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்தில் வைத்து, காலை 8.30க்கு அடிமட்டத்தால் அளந்து எழுதி, ஊற்றிவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால், கீழே இருக்கிற ஊரின் கமக்காரர் அமைப்புத் தலைவருக்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள்.