மோ தாவ் ஸூ ஷி: நாவலும் தொடரும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

'தி அன்டேம்ட்' என்ற சீனத் தொடரைப் பார்த்துவிட்டு, அதன் மூலமான 'மோ தாவ் ஸூ ஷி' நாவலைத் தொட்டால் வேறு கதைபோல இருக்கிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் தணிக்கை. மோ ஷியாங் தோங் ஷியூ 2015-16இல் ஜின்ஜியாங் என்ற இணையக் கதைத் தளத்தில் எழுதிய நாவலில் நாயகன் வெய் வூஷியன் பிணங்களை எழுப்பிப் போரிடுபவன். அவனும் லான் வாங்ஜி என்ற இன்னொரு ஆணும் காதலர்கள். சீனத் திரையில் இரண்டுமே சிக்கல். 2019இல் 50 பகுதிகளாக வந்த தொடரில் பிணங்கள் ஆட்டுவிக்கப்படும் பொம்மைகளாயின; காதல் உயிர் நட்பாயிற்று.

வெட்டியதை அழகாக ஒளித்தும் வைத்தார்கள். நாவலில் வாங்ஜி இயற்றும் மெட்டின் பெயர் 'வாங்ஷியன்', அதாவது இருவர் பெயரிலும் பாதி. தொடரின் பாட்டுக்கு 'வூஜி' என்று பெயர் வைத்தார்கள். எழுத்தில் 'கட்டற்றது' என்று பொருள். காதில் விழுவதோ வூஷியனின் வூ, வாங்ஜியின் ஜி! எனக்கு இந்தத் தழுவலிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்னொன்று கால வரிசை. நாவல் இன்றைக்கும் பழங்கதைக்கும் மாறி மாறித் தாவும். தொடரோ தொடக்கத்திலேயே பின்னோக்கிப் போய், 33ஆம் பகுதி வரை அங்கேயே நிற்கிறது. அத்தனை நேரத்தையும் இழுத்துப்போக ஒரு சரடு வேண்டும். அதற்காகத்தான் நாவலில் இல்லாத 'யின் இரும்பு'த் துண்டுகளைத் தேடும் கதை சேர்ந்தது.

2018இல் தொடங்கிய அனிமேஷன் மூன்று பருவங்கள், 35 பகுதிகள். அதிலும் காதல் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை.

இறந்துபோன வூஷியன் உயிர்பெற்று மீண்டு வருவது நாவலில் 13 ஆண்டு கழித்து, தொடரில் 16. படிக்கும்போது குழம்ப வேண்டாம்.