அபார்ட்மென்ட் ஹாலிலேயே ராக் கிராலர் (பாறைகளின் மேல் மெதுவாக ஏறும் ரிமோட் கார்) ஓட்டத் தடம் அமைக்க முடியுமா? சென்னையில் என்ன பொருட்களை வைத்துச் செய்யலாம்?

தாராளமாக முடியும். வேளச்சேரியில் ஓர் அபார்ட்மென்ட் ஹாலில்தான் நான் ஓட்டுகிறேன். ரேஸ் கார் ஹாலைக் கடந்து சுவரில் முட்டும் நேரத்தில், கிராலர் ஒரு கல்லின் மேல் முன்சக்கரத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த மெதுவான மல்லுக்கட்டுதான் இதில் சுகம். அதனால் நீளமான தடம் வேண்டாம், கடினமான நாலடி போதும்.

ஒரே மலையாக மட்டும் கட்டாதீர்கள். அதில் இருக்கிற வழியெல்லாம் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும், வீடு பெருக்கும்போது நகர்த்தவும் முடியாது. ஒன்றரை அடிச் சதுரப் பலகைகளாகச் செய்யுங்கள். ஓட்டி முடித்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அடுத்த முறை வரிசையை மாற்றி, ஒன்றைத் திருப்பி வைத்தால் புதுத் தடம். உயரத்துக்குக் கொலுப் படி இருக்கவே இருக்கிறது. நவராத்திரி தவிர மற்ற நாளெல்லாம் பரணில் கிடக்கும் அந்த மடக்குப் படியில் பலகைகளைச் சாய்த்துக் கட்டினால் அருமையான ஏற்றம்.

வேலையைத் தொடங்கும் முன் வண்டியை அளந்துகொள்ளுங்கள்: டயர் விட்டம், வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்), அகலம், வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்24 மாதிரி 1:24 வண்டிகள் (நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு அளவு) பலவற்றில் வீல்பேஸ் சுமார் 13 செ.மீ.; 1:18 அளவான டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4எம்மில் பதினைந்தரை. டயரில் பாதி உயரமுள்ள படியை எந்தக் கிராலரும் ஏறும். முழு டயர் உயரம் என்றால்தான் எந்தக் கோணத்தில் அணுகுவது என்று யோசிக்க வைக்கும். இரண்டு அச்சுக்கும் நடுவே வரும் மேடு வயிற்று இடைவெளியைவிட உயரமாக இருந்தால் வண்டி அதன்மேல் உட்கார்ந்துவிடும், சக்கரம் காற்றில் சுற்றும். அப்படி ஒன்றிரண்டு வேண்டுமென்றே வையுங்கள், ஆனால் பக்கத்திலேயே சுற்றிப்போக ஒரு வழி விடுங்கள்.

பக்கச் சரிவுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. சொரசொரப்பான பலகையில் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, ஒரு ஓரத்தை மெல்லத் தூக்குங்கள். எந்தக் கோணத்தில் கவிழ்கிறதோ அதைவிட ஐந்து டிகிரி குறைத்துச் சரிவு அமையுங்கள். பேட்டரியைக் கீழே இறக்கி, அச்சில் பித்தளை எடை மாட்டினால் அந்தக் கோணம் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது மேல்பரப்பில்தான். ஃபிரிட்ஜ், டிவி விற்கும் கடைகளில் பேக்கிங் தெர்மாகோலைக் கேட்டாலே கொடுப்பார்கள். அதைப் பாறை மாதிரி வெட்டிப் பலகையில் ஒட்டி, காடாத் துணியை சிமென்ட், ஃபெவிகால், தண்ணீர் சேர்ந்த குழம்பில் முக்கி மேலே போர்த்துங்கள். ஈரம் காய்வதற்குள் எம்-சாண்ட் தூவுங்கள், கிரிப் அங்கிருந்துதான் வருகிறது. 45 டிகிரி ஏற வேண்டுமானால் டயருக்கும் பரப்புக்கும் உள்ள உராய்வுக் கெழு ஒன்றாவது இருக்க வேண்டும். வழவழப்பான பெயின்ட் அதைக் கெடுத்துவிடும். நிறத்துக்குக் குழம்பிலேயே கொஞ்சம் கருப்பு ஆக்சைடு கலந்தால் பல்லாவரம் பாறையின் கருஞ்சாம்பல் நிறம் வந்துவிடும். ஸ்ப்ரே பெயின்ட், தின்னர் இரண்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். கத்திரி வெயிலில் சிமென்ட் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். அதனால் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள்.

தடைகளுக்கு எங்கும் அலைய வேண்டாம். அஸ்திவாரத்துக்குப் போடும் ஒன்றரை இஞ்ச் ஜல்லி சின்ன வண்டிக்குப் பெரும்பாறை. கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் பாதி புதைத்தால் சக்கரம் வழுக்கும் உருண்டை மேடு. கடப்பா கல் துண்டின் பாலிஷ் பக்கத்தையும் முரட்டுப் பக்கத்தையும் அடுத்தடுத்துப் பதியுங்கள். அங்கே கிட்டப் போய்ப் பாருங்கள்: முரட்டுக் கல்லின் விளிம்பில் டயரின் பக்கவாட்டு மெத்தென்று பிதுங்கி, டயரின் ரப்பர் கட்டைகள் ஒவ்வொன்றாக மடிந்து பிடிக்கும். டிஃப் லாக் ஆகியிருப்பதால், அதாவது ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே சுற்றுவதால், ஒரு சக்கரம் தூக்கினாலும் மற்றவை தள்ளிக்கொண்டே இருக்கும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பிடித்த காட்சி இதுதான்.

போட்டி வேண்டுமானால் துணி கிளிப் இரண்டை நிறுத்தி கேட் ஆக்குங்கள், வண்டி அகலத்தைவிட இரண்டு செ.மீ. கூடுதலாக. எங்கள் வீட்டு விதி: கேட்டில் தொட்டால் 10 புள்ளி, ரிவர்ஸுக்கு 1, குறைந்த புள்ளி ஜெயிக்கும். பிள்ளைகள் பெரியவர்களைவிடப் பொறுமையாக ஓட்டுவதை இதில்தான் பார்த்தேன்.

அப்புறம், சுற்றிலும் பழைய யோகா மேட் விரியுங்கள், விழுந்தால் டைலும் தப்பும் வண்டியும் தப்பும். தலைமுடி அச்சில் சுற்றிக்கொள்ளும், ஓட்டியபின் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். லிப்போ பேட்டரியை முழு சார்ஜில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், அதுவும் நம் ஊர் வெயிலில். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, வெயிலில் நிற்கும் நிஜக் காருக்குள் விடாமல் நிழலான இடத்தில் வையுங்கள்.

உங்களிடம் இருப்பது 1:10 வண்டி என்றால் ஹால் போதாது. மொட்டை மாடியில் சாயங்காலம், உடைந்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கி ஓட்டுங்கள். எலியட்ஸ் பீச்சுக்கு மட்டும் எடுத்துப் போக வேண்டாம், உப்பும் மணலும் பேரிங்கைத் தின்றுவிடும்.