சாமத்தியச் சடங்கும் கடைக் கணக்கும்

ஐயா, வணக்கம்.

சுன்னாகத்தில் கட்டடப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் ஆறு வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். சென்ற மாதம் முதலாளியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. மண்டப வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான பற்றுச்சீட்டுகளைத் தந்து, "விளம்பரச் செலவில போடும். வந்த சனத்தில பாதி எங்கட வாடிக்கையாளர்தானே, காசும் என்ர காசு" என்றார். கடைக்குப் போட்ட முதலில் பாதி கனடாவிலிருக்கும் அவருடைய தம்பியுடையது. நானும் என் தொலைபேசிக்குக் கடைக் காசில் ரீலோட் போடுவதால் மறுத்துப் பேச வாய் வரவில்லை. என்ன செய்யலாம்?

சுன்னாகத்து வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலாளி கடையிலிருந்து வீட்டுக்குக் காசு எடுப்பது குற்றமன்று. சாதாரண தரத்தில் கணக்கீடு படித்த பிள்ளைக்கும் தெரிந்த 'எடுப்பனவு' என்ற கணக்கு அதற்காகவே இருக்கிறது. 1494 இல் வெனிசில் அச்சான தமது நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூக்கா பச்சோலியும் வணிகனுடைய வீட்டுச் செலவுக்குப் பேரேட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கச் சொல்கிறார். ஆகவே, அந்தச் செலவு எந்தப் பெயரில் ஏடேறுகிறது என்பதே இங்குள்ள கேள்வி. எடுப்பனவு என்று எழுதினால் அது அண்ணனுடைய பங்கில் கழியும். விளம்பரம் என்று எழுதினால், சடங்குக்கு வரக்கூட முடியாதிருந்த தம்பி, தமக்குத் தெரியாமலே அதில் பாதியைக் கட்டியவராகிறார். வரி விடயத்திலும், 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வீட்டுச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க விடுவதில்லை.

வாடிக்கையாளர் வந்தார்கள் என்ற நியாயத்தைப் பொறுத்தவரை, அவர்கள் பிள்ளையின் கையில் கொடுத்த அன்பளிப்பு உறைகள் கடையின் காசேட்டில் வரவாக எழுதப்பட்டனவா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். (சிரித்துக்கொண்டே கேளுங்கள், சம்பளம் தருபவர் அவர்.)

ரீலோட் விடயம் இதைவிடச் சிக்கலானது, ஏனெனில் அதில் உண்மையும் கலந்திருக்கிறது. சீமெந்து லொறி எங்கே நிற்கிறது என்று கேட்பதும் அதே தொலைபேசியில்தான், மச்சானோடு கதைப்பதும் அதில்தான். நான் அலுவலகத்தில் வேலை செய்த காலத்தில், ஏ4 தாள் வாங்கப் போன இடத்தில் வீட்டுக்கும் ஒரு 400 கிராம் பால்மா எடுத்தேன். "தனித்தனியா பில் போடட்டோ அண்ணை?" என்று காசாளர் பிள்ளை கேட்டது, அவசரத்தில் வேண்டாம் என்றேன். பால்மா வரியைப் பேனாவால் வெட்டித்தான் கொடுக்க நினைத்திருந்தேன், ஆனால் வெட்டாமலே கொடுத்தேன். பில்லை யாரும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் கடைநிலை ஊழியர் ஒருவரின் பஸ் காசுக் கணக்கைச் சரிபார்க்க என்னிடம் தந்தபோது, அதில் ஒரு பிழை இருந்தும் என்னால் அவரிடம் கேட்க முடியவில்லை. உங்களுக்கு வாய் வராததும் இதனால்தான்.

எனவே உங்களுடையதை முதலில் தீருங்கள். கடை அழைப்புகளுக்கு மாதம் இவ்வளவு என்று முதலாளியிடம் வெளிப்படையாகக் கேட்டு, அந்தத் தொகையைச் சில்லறைக் காசேட்டில் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். பிறகு அந்த மண்டபப் பற்றுச்சீட்டை எடுத்துப்போய், "இதை உங்கட எடுப்பனவில எழுதிறன், ஐயா" என்று சொல்லுங்கள்.